எண்ணெய்க் கிணறு ‘வற்றினாலும்’ பாதிக்கு மேல் உள்ளேயேதான் இருக்கு... பாலிமரும் நானோ துகளும் அதை வெளியே கொண்டு வருமா?

ஒரு எண்ணெய் வயல் ‘வற்றிவிட்டது’ என்று செய்தி வந்தால், உள்ளே இருந்த எண்ணெய் எல்லாம் தீர்ந்துவிட்டது என்றுதான் நாம் நினைப்போம். ஆனால் உண்மை அது இல்லை. உலகின் பெரும்பாலான எண்ணெய் வயல்களில், கிணறு மூடப்படும்போதும் பாதிக்கு மேற்பட்ட எண்ணெய் பாறைக்குள்ளேயே இருக்கும். எடுக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

தனக்குத் தேவையான கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கும் மேல் வெளிநாட்டிலிருந்து வாங்கும் இந்தியாவுக்கு இது சாதாரண விஷயம் இல்லை. புதிய வயலைத் தேடி அலைவதற்குப் பதிலாக, ஏற்கெனவே கண்டுபிடித்த வயலில் மிச்சமிருப்பதை எடுத்தால் என்ன?

அதற்கான வழிகளில் ஒன்றுதான் பாலிமர் கலந்த தண்ணீரைப் பூமிக்குள் செலுத்துவது. அதன் அடுத்த கட்டமாகப் பேசப்படுவது நானோ துகள் கலந்த திரவம். இவை எப்படி வேலை செய்கின்றன? எது நிரூபிக்கப்பட்டது, எது இன்னும் சோதனையில் இருக்கிறது? எளிமையாகப் பார்ப்போம்.

முக்கிய அம்சங்கள்

• இயற்கை அழுத்தத்தில் தானாக வெளியே வருவது, வயலில் உள்ள எண்ணெயில் சுமார் 10 சதவீதம் மட்டுமே.
• தண்ணீர் செலுத்தித் தள்ளினால் இது 20 முதல் 40 சதவீதம் வரை உயரும்.
• பாலிமர், வெறும் தண்ணீரைக் கெட்டியாக்கி எண்ணெயைச் சீராகத் தள்ள வைக்கிறது. சீனா, ஓமன், ராஜஸ்தானில் இது பெரிய அளவில் நடக்கிறது.
• நானோ துகள், பாறையில் ஒட்டியிருக்கும் எண்ணெயைப் பிரித்தெடுக்க உதவும் என்று ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டுகின்றன. முழு வயல் அளவில் இது இன்னும் நிரூபிக்கப்படவில்லை.

பூமிக்குள் எண்ணெய் எப்படி இருக்கிறது?

பூமிக்கு அடியில் ஒரு பெரிய ஏரி மாதிரி எண்ணெய் தேங்கிக் கிடக்கிறது, அதில் குழாயைப் போட்டு உறிஞ்சுகிறார்கள் என்பது பலருடைய கற்பனை. அப்படி இல்லை.

ஒரு செங்கல்லைத் தண்ணீரில் போட்டு எடுத்துப் பாருங்கள். தண்ணீர் செங்கல்லுக்குள் போயிருக்கும், ஆனால் கண்ணுக்குத் தெரியாது. எண்ணெயும் அப்படித்தான். மணற்கல், சுண்ணாம்புக்கல் போன்ற பாறைகளில் இருக்கும் மிக நுண்ணிய துளைகளுக்குள் அது தங்கியிருக்கிறது. பல மணற்கற்களில் ஒரு துளையிலிருந்து அடுத்த துளைக்குப் போகும் வழி, ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுக்கோ அதற்கும் குறைவாகவோதான் இருக்கும்.

கிணறு தோண்டியவுடன், பூமிக்குள் இருக்கும் அழுத்தமே எண்ணெயை மேலே தள்ளும். இதுதான் முதல் கட்டம். அழுத்தம் குறைந்ததும் பம்ப் வைப்பார்கள். இந்தக் கட்டத்தில் கிடைப்பது சராசரியாக 10 சதவீதம் என்று அமெரிக்க எரிசக்தித் துறை சொல்கிறது.

இரண்டாம் கட்டத்தில், வயலின் ஒரு பக்கம் இருக்கும் கிணறுகள் வழியாகத் தண்ணீரை உள்ளே செலுத்துவார்கள். அந்தத் தண்ணீர் எண்ணெயைத் தள்ளிக்கொண்டு போய் இன்னொரு பக்கம் இருக்கும் கிணறுகளில் சேர்க்கும். இதன் மூலம் மொத்தம் 20 முதல் 40 சதவீதம் வரை எடுக்கலாம்.

அதற்குப் பிறகும் உள்ளே இருப்பதை எடுக்க முயல்வதுதான் மூன்றாம் கட்டம். ‘மேம்படுத்தப்பட்ட எண்ணெய் மீட்பு’ என்று இதற்குப் பெயர். நீராவி செலுத்துவது, கார்பன் டை ஆக்சைடு வாயு செலுத்துவது, வேதிப்பொருள் கலந்த நீர் செலுத்துவது என இதில் பல வகை உண்டு. இந்தக் கட்டத்தையும் சேர்த்தால் 30 முதல் 60 சதவீதம் வரை எடுக்க வாய்ப்பு இருக்கிறது. பாலிமரும் நானோ துகளும் இந்தக் கட்டத்தில்தான் வருகின்றன.

தண்ணீர் மட்டும் போதாதா?

போதாது. அதற்கு இரண்டு காரணங்கள் இருக்கின்றன.

முதல் காரணம், தண்ணீர் எப்போதும் சுலபமான வழியைத் தேடும். மேடு பள்ளமான வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சிய யாரையாவது கேட்டுப் பாருங்கள். பள்ளம் இருக்கும் பக்கம் தண்ணீர் ஓடிவிடும், மேட்டில் இருக்கும் பயிர் காய்ந்து நிற்கும். பூமிக்குள்ளும் இதே கதைதான்.

எண்ணெய் கெட்டியானது, தண்ணீர் நீர்த்தது. கெட்டியானதை நீர்த்தது தள்ளும்போது, அது வரிசையாக முன்னேறாது. விரல்களை விரித்த மாதிரி நடுவில் புகுந்து ஓடிவிடும். கொஞ்ச நாளில் எதிர்ப்பக்கக் கிணற்றுக்கு எண்ணெய்க்குப் பதில் தண்ணீர்தான் வந்து சேரும். ஒருமுறை அந்தப் பாதை திறந்துவிட்டால், அடுத்து செலுத்தும் தண்ணீரும் அதே பாதையில்தான் போகும். பக்கத்துப் பாறையில் இருக்கும் எண்ணெய் அப்படியே நிற்கும்.

இரண்டாவது காரணம், துளைக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும் எண்ணெய். தண்ணீர் போன பாதையிலேயே கூட, சின்னச் சின்னத் துளிகளாக எண்ணெய் மாட்டிக்கொண்டு இருக்கும். எண்ணெய்ப் பிசுக்கு உள்ள சட்டியை வெறும் தண்ணீரில் கழுவினால் போகாது இல்லையா? அதே மாதிரிதான். எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் இடையே இருக்கும் பரப்பு இழுவிசை, துளியை நகர விடாமல் பிடித்து வைத்திருக்கும்.

இந்த இரண்டும் வெவ்வேறு பிரச்சினை. பாலிமர் தீர்க்கப் பார்ப்பது பெரும்பாலும் முதல் பிரச்சினையை. நானோ துகள் குறிவைப்பது பெரும்பாலும் இரண்டாவதை. இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிதாகப் புரிந்துவிடும்.

பாலிமர் என்ன செய்கிறது?

ரொம்ப எளிய யோசனை இது. எண்ணெயை நீர்க்க வைக்க முடியாவிட்டால், தண்ணீரைக் கெட்டியாக்கு!

தண்ணீரில் கொஞ்சம் பாலிமர் தூளைக் கரைத்தால் அது கஞ்சித்தண்ணி மாதிரி ஆகிவிடும். இப்போது அது எண்ணெய்க்கு நடுவில் புகுந்து ஓடாது. சுவர் மாதிரி, ஓரளவு சீராக முன்னேறி எண்ணெயைத் தள்ளும். ஏற்கெனவே தண்ணீர் ஓடிய பாதைகளில் இந்தக் கெட்டித் தண்ணீர் மெதுவாகப் போவதால், பின்னால் வருவது பக்கத்தில் இருக்கும், இதுவரை தொடாத பாறைக்குள்ளும் திரும்பும்.

இதற்கு அதிகம் பயன்படுவது பாலிஅக்ரிலமைடு வகைப் பாலிமர். குடிநீர்ச் சுத்திகரிப்பு, காகித ஆலை போன்ற இடங்களிலும் இந்தக் குடும்பத்துப் பாலிமர்கள் பயன்படுகின்றன. ஒரு மூலக்கூறில் லட்சக்கணக்கான சின்ன அலகுகள் சங்கிலி மாதிரி கோக்கப்பட்டிருக்கும். இந்த நீண்ட சங்கிலிகள் தண்ணீரில் விரிந்து ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதால்தான் தண்ணீர் கெட்டியாகிறது.

அளவு எவ்வளவு தெரியுமா? 1,000 லிட்டர் தண்ணீருக்குப் பொதுவாக 1 முதல் 2 கிலோ வரை. இவ்வளவு குறைவாகச் சேர்த்தாலே, உப்பு குறைந்த நீரில் கெட்டித்தன்மை 10 மடங்குக்கு மேல் உயரும்.

இன்னொரு வகை, சாந்தன் கோந்து. ஒரு பாக்டீரியாவை வளர்த்து அதிலிருந்து எடுப்பது. ஐஸ்கிரீம், சாஸ் பாக்கெட்டுகளின் பின்பக்கம் இந்தப் பெயரை நீங்கள் பார்த்திருக்கலாம். உப்பைத் தாங்கும் சக்தி இதற்கு அதிகம், ஆனால் பூமிக்குள் இருக்கும் நுண்ணுயிர்கள் இதைத் தின்றுவிடும் அபாயம் உண்டு.

எங்கே இது வெற்றி பெற்றது?

பாலிமர் கலந்த நீரைப் பற்றிய ஆய்வுகள் 1960-களில் அமெரிக்காவில் தொடங்கின. ஆனால் இதை உலகத்துக்குப் பெரிய அளவில் செய்து காட்டியது சீனா.

1959-இல் கண்டுபிடிக்கப்பட்ட டாச்சிங் வயல், சீனாவின் மிகப் பெரிய எண்ணெய் வயல்களில் ஒன்று. பல ஆண்டுகள் தண்ணீர் செலுத்தி எடுத்த பிறகு, 1990-களின் நடுவில் அங்கே பாலிமர் முறை தொழில் அளவில் தொடங்கியது. பாலிமர் மூலம் மட்டும் ஆண்டுக்கு 1 கோடி டன்னுக்கு மேல் எண்ணெய் எடுக்கும் நிலைக்கு டாச்சிங் வந்தது. வயலில் முதலில் இருந்த மொத்த எண்ணெயில் கூடுதலாக 10 சதவீதம் அளவுக்கு எடுக்க முடிந்தது.

டாச்சிங்கில் ஏன் இது நன்றாக வேலை செய்தது? அங்கே பாறையின் வெப்பம் சுமார் 45 டிகிரி செல்சியஸ்தான். தண்ணீரிலும் உப்பு குறைவு. பாலிமருக்கு இதைவிட நல்ல வீடு கிடைக்காது!

பிறகு ஓமனின் மார்முல் வயலில் 2010-இல் இது பெரிய அளவில் தொடங்கியது. அங்கே எண்ணெய் டாச்சிங்கைவிடக் கெட்டியானது. பிரிட்டனை ஒட்டிய வட கடலில், கேப்டன் என்ற வயலில் கடல் நடுவிலேயே பாலிமர் செலுத்துகிறார்கள்.

இந்தியாவில் எங்கே நடக்கிறது?

குஜராத்தில் சானந்த் வயலில் ஓஎன்ஜிசி நிறுவனம் பாலிமர் முறையைப் பயன்படுத்தியிருக்கிறது. ஆனால் இந்தியாவின் பெரிய உதாரணம் என்றால் அது ராஜஸ்தானின் மங்களா வயல்தான்.

பாகிஸ்தான் எல்லையை ஒட்டிய பார்மர் மாவட்டத்தில், தார் பாலைவனத்தில் இருக்கிறது மங்களா. 2004 ஜனவரியில் கண்டுபிடிக்கப்பட்டது. 2009 ஆகஸ்ட் 29-ஆம் தேதி அப்போதைய பிரதமர் மன்மோகன் சிங் உற்பத்தியைத் தொடங்கி வைத்தார். இப்போது வேதாந்தா குழுமத்தின் கெய்ர்ன் இதை நடத்துகிறது.

மங்களாவின் எண்ணெய் கொஞ்சம் வித்தியாசமானது. மெழுகு அதிகம். மார்கழிக் குளிரில் தேங்காய் எண்ணெய் உறைகிற மாதிரி, சாதாரண வெப்பநிலையிலேயே இது உறைந்துவிடும். அதனால்தான் பார்மரிலிருந்து குஜராத் கடற்கரை வரை சுமார் 670 கிலோமீட்டருக்கு, வழி முழுக்கச் சூடாக்கப்படும் குழாய் போட வேண்டி வந்தது. பூமிக்குள் செலுத்தும் தண்ணீரையும் சூடாக்கித்தான் அனுப்புகிறார்கள். குளிர்ந்த நீர் போனால் பாறைக்குள்ளேயே மெழுகு உறைந்து துளைகளை அடைத்துவிடும்.

பூமிக்குள் இருக்கும் நிலையிலும் இந்த எண்ணெய் தண்ணீரைவிடப் பல மடங்கு கெட்டி. அதனால் வெறும் தண்ணீர் முறையில் நிறைய எண்ணெய் பின்தங்கிவிடும் என்பது ஆரம்பத்திலேயே தெரிந்துவிட்டது. 2011-இல் ஒரு சின்ன பகுதியில் பாலிமர் சோதனை நடத்தினார்கள். அது பலன் கொடுத்ததும், 2014-15 காலகட்டத்தில் வயல் முழுவதும் விரிவுபடுத்தினார்கள். உலகின் பெரிய பாலிமர் திட்டங்களில் இதுவும் ஒன்று.

பாலைவனத்தில் இவ்வளவு தண்ணீருக்கு எங்கே போவது? குடிக்கும் தண்ணீரில் கை வைக்காமல், தும்பிளி என்ற இடத்தில் நிலத்தடியில் இருக்கும் உப்பு நீரைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் உப்பு நீர் என்றால் பாலிமருக்கு ஆகாது. இது அடுத்த கேள்விக்கு நம்மைக் கொண்டு போகிறது.

பாலிமரின் பலவீனம் என்ன?

நான்கு எதிரிகள் இருக்கின்றன.

1. உப்பு: பாலிஅக்ரிலமைடு சங்கிலியில் எதிர்மின் ஏற்றங்கள் இருக்கும். அவை ஒன்றையொன்று தள்ளிக்கொள்வதால்தான் சங்கிலி விரிந்து நிற்கிறது. உப்பு நீரில் இருக்கும் சோடியம், அதைவிட முக்கியமாகக் கால்சியமும் மக்னீசியமும், அந்தத் தள்ளுவிசையைக் குறைத்துவிடும். சங்கிலி நூல்கண்டு மாதிரி சுருண்டுகொள்ளும். தண்ணீர் மறுபடி நீர்த்துவிடும். அப்புறம் அதே கெட்டித்தன்மைக்கு இன்னும் அதிகப் பாலிமர் போட வேண்டும்.

2. வெப்பம்: 70, 75 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் சாதாரணப் பாலிஅக்ரிலமைடு வேதிமாற்றம் அடையத் தொடங்கும். கூடவே கால்சியம் அதிகமாக இருந்தால், கரைசலிலிருந்து பிரிந்து படிந்தே விடும். பாலிமர் பூமிக்குள் ஒரு நாள், இரண்டு நாள் அல்ல, பல மாதங்கள், சில வருடங்கள் தாக்குப்பிடிக்க வேண்டும் என்பதை மறந்துவிடக் கூடாது.

3. அறுபடுதல்: இடியாப்பத்தை மிக்ஸியில் போட்டால் என்ன ஆகும்? அதேதான். வேகமான பம்ப், குறுகிய வால்வு வழியாகப் போகும்போது நீண்ட சங்கிலிகள் அறுந்துவிடும். அறுந்த சங்கிலியால் தண்ணீரைக் கெட்டியாக்க முடியாது.

4. ஆக்சிஜன்: தண்ணீரில் ஆக்சிஜனும் இரும்பும் சேர்ந்து இருந்தால் பாலிமர் சிதைந்துவிடும். அதனால் ஆக்சிஜனை நீக்கிய நீரில்தான் கலக்க வேண்டும்.

கலக்குவதே ஒரு கலை. கோதுமை மாவைத் தண்ணீரில் அவசரமாகக் கொட்டினால் கட்டி தட்டுமே, பாலிமர் தூளும் அப்படிக் கட்டி தட்டும். வெளியே கூழாகவும் உள்ளே உலர்ந்த தூளாகவும் இருக்கும் அந்தக் கட்டிகள் கிணற்றின் வாயையே அடைத்துவிடும். இந்தத் துறையில் இருப்பவர்கள் அவற்றை ‘மீன் கண்’ என்று சொல்வார்கள்.

சரி, நானோ துகள் எங்கே வருது?

ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. மனிதத் தலைமுடியின் தடிமன் சுமார் 80,000 நானோமீட்டர். 1 முதல் 100 நானோமீட்டர் அளவில் இருக்கும் துகள்களைத்தான் நானோ துகள் என்கிறோம். பாறையின் துளைகளோடு ஒப்பிட்டால், இவை பெரிய வாசலுக்குள் நுழையும் எறும்பு மாதிரி. தனித்தனியாக இருக்கும் வரை சிக்காமல் போய்விடும்.

எண்ணெய் ஆய்வுகளில் அதிகம் பயன்படுவது சிலிக்கா. அதாவது மணலின் மூலப்பொருள். அது தவிர அலுமினியம் ஆக்சைடு, டைட்டானியம் ஆக்சைடு, இரும்பு ஆக்சைடு, கிராஃபீன் வகைகளும் உண்டு.

இவை என்ன செய்யும்?

ஆப்பு மாதிரி நுழையும்: எண்ணெய்த் துளி பாறையைத் தொடும் ஓரத்தில், நானோ துகள்கள் வரிசையாக அடுக்கிக்கொண்டு, ஆப்பு அடித்த மாதிரி உள்ளே நுழைகின்றன. அந்த அழுத்தத்தில் துளி பாறையிலிருந்து கழன்று வருகிறது. அமெரிக்காவின் இல்லினாய் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த தர்ஷ் வாசன், அலெக்ஸ் நிகோலவ் இருவரும் 2003-இல் ‘நேச்சர்’ இதழில் இந்த நிகழ்வை விளக்கினார்கள்.

பாறையின் குணத்தை மாற்றும்: சில பாறைகள் தண்ணீரைவிட எண்ணெயைத்தான் அதிகம் ஒட்டவைத்துக்கொள்ளும். சிலிக்கா துகள்கள் பாறைப் பரப்பில் படிந்தால், அது தண்ணீரை விரும்பும் பரப்பாக மாறுகிறது. எண்ணெயின் பிடி தளர்கிறது.

பாலிமருக்குத் துணை நிற்கும்: மேலே சொன்ன நான்கு எதிரிகளை நினைவிருக்கிறதா? பாலிமர் கரைசலில் சிலிக்கா துகள்களைச் சேர்த்தால், உப்பிலும் வெப்பத்திலும் கெட்டித்தன்மை குறைவது மட்டுப்படுகிறது என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. துகளும் சங்கிலியும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு வலை மாதிரி நிற்பது இதற்கு ஒரு காரணம். பாலிமரும் நானோ துகளும் சேர்ந்த கலவை பற்றி இப்போது அதிகம் பேசப்படுவது இதனால்தான்.

இந்த ஆராய்ச்சியில் சென்னை ஐஐடிக்கும் பங்கு உண்டு. சிலிக்கா நானோ துகள், பாலிமர், சோப்பு மாதிரி வேலை செய்யும் சர்ஃபேக்டன்ட் மூன்றையும் சேர்த்து, நிலையான எண்ணெய்-நீர்க் குழம்பு தயாரித்து அங்கே சோதித்தார்கள். பாலிமரும் சர்ஃபேக்டன்டும் மட்டும் இருக்கும் கலவையைவிட, நானோ துகள் சேர்த்த கலவை ஆய்வுக்கூடத்தில் அதிக எண்ணெயை மீட்டது.

அமெரிக்காவின் ஹூஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் கிராஃபீன் நானோ தகடுகளை வைத்து ஒரு முடிவை வெளியிட்டார்கள். வெறும் 0.01 சதவீதம் சேர்த்தே, தண்ணீர் முறைக்குப் பிறகு மிச்சமிருந்ததில் கூடுதல் மீட்பு 15 சதவீதம் அளவுக்கு வந்தது என்றார்கள்.

அப்படின்னா ஏன் எல்லா இடத்திலும் பயன்படுத்தலை?

இங்கேதான் கவனமாக இருக்க வேண்டும். மேலே சொன்ன பெரும்பாலான முடிவுகள், கை அகலத்துக்கு இருக்கும் பாறைத் துண்டிலோ மணல் நிரப்பிய குழாயிலோ கிடைத்தவை. வயல் என்பது பல சதுர கிலோமீட்டர். ஆய்வுக்கூடத்தில் சில மணி நேரத்தில் முடிவது, வயலில் பல ஆண்டுகள் எடுக்கும்.

மூன்று சிக்கல்கள் முக்கியமானவை.

ஒன்று, உப்பு நீரில் நானோ துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். கட்டியானால் அது நானோ துகளே இல்லை. துளையை அடைக்கும் தூசி.

இரண்டு, வழியிலேயே பாறையில் ஒட்டித் தங்கிவிடும். கிணற்றுக்குப் பக்கத்திலேயே பெரும்பகுதி தங்கிவிட்டால், நூறு மீட்டர் தள்ளியிருக்கும் எண்ணெய்க்கு அதனால் என்ன பயன்?

மூன்று, அளவும் செலவும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு வயலில் தினமும் 1 கோடி லிட்டர் தண்ணீர் செலுத்துகிறார்கள் என்று வையுங்கள். அதில் 0.05 சதவீதம் நானோ துகள் சேர்த்தால் தினமும் 5 டன் வேண்டும். ஒரு வருடத்துக்கு 1,800 டன்னுக்கு மேல். ஆய்வுக்கூடத்தில் கிராம் கணக்கில் தயாரிக்கும் பொருளை இந்த அளவில், ஒரே தரத்தில், கட்டுப்படியாகும் விலையில் செய்ய வேண்டும்.

வயலில் சோதனையே நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. கொலம்பியாவில் சில கிணறுகளைச் சுற்றி நானோ திரவம் செலுத்திச் சோதித்தார்கள். கிணற்றுக்கு அருகே அடைப்பை நீக்கவும், கெட்டி எண்ணெயை இளக்கவும் அது உதவியது. சவூதி அராம்கோ நிறுவனம் 2010-இல், 10 நானோமீட்டருக்கும் சிறிய கார்பன் துகள்களை கவார் வயலுக்குள் செலுத்தித் திரும்ப எடுத்தது. ஆனால் அது எண்ணெயைத் தள்ளுவதற்காக அல்ல. துகள்கள் பாறைக்குள் போய்ப் பத்திரமாகத் திரும்புமா என்று பார்ப்பதற்காக.

அதாவது, கிணற்றுக்குப் பக்கத்தில் நானோ வேலை செய்யலாம். டாச்சிங், மங்களா மாதிரி வயல் முழுக்கச் செய்து காட்டிய உதாரணம் இன்னும் இல்லை.

இது ஃப்ராக்கிங்கா?

நம்ம ஊரில் ‘பூமிக்குள் ரசாயனத் தண்ணீர் செலுத்துறாங்க’ என்றாலே அடுத்து வரும் கேள்வி இதுதான். நெடுவாசல் போராட்டத்தைப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்பது நியாயமும்கூட.

இரண்டும் ஒன்றல்ல. ஃப்ராக்கிங்கின் நோக்கமே, அதிக அழுத்தத்தில் நீரைச் செலுத்திப் பாறையைப் பிளப்பது. பாலிமர் முறையில் பாறையைப் பிளப்பது நோக்கம் இல்லை. பெரிய பிளவு விழுந்தால் பாலிமர் அந்த வழியே ஓடி வீணாகிவிடும். கிணற்றை ஒட்டிச் சின்னப் பிளவுகள் ஏற்படலாம் என்பதால், அழுத்தத்தைத் தொடர்ந்து கண்காணிக்க வேண்டியிருக்கிறது. குழப்பத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஃப்ராக்கிங் நீரிலும், குழாயில் உராய்வைக் குறைக்க பாலிஅக்ரிலமைடு சேர்ப்பார்கள்.

அப்போ சுற்றுச்சூழலுக்கு ஆபத்தே இல்லையா?

அப்படியும் சொல்ல முடியாது.

பாலிஅக்ரிலமைடு நச்சுத்தன்மை குறைந்தது. ஆனால் அது எதிலிருந்து செய்யப்படுகிறதோ அந்த அக்ரிலமைடு, நரம்பு மண்டலத்தைப் பாதிக்கக்கூடியது. மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ள பொருட்கள் பட்டியலில் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை அதை வைத்திருக்கிறது. பாலிமர் தூளில் மிச்சமிருக்கும் அக்ரிலமைடின் அளவைக் கட்டுக்குள் வைப்பது அதனால்தான் முக்கியம்.

பெரிய தலைவலி, எண்ணெயோடு சேர்ந்து வெளியே வரும் தண்ணீர். அதில் பாலிமரும் கலந்திருக்கும். நீர் கெட்டியாக இருப்பதால் எண்ணெய்த் துளிகள் மேலே மிதந்து பிரிய அதிக நேரம் ஆகும். சுத்திகரிப்புச் செலவு கூடும். அந்த நீரை மறுபடி பூமிக்குள்ளேயே செலுத்துவதுதான் வழக்கம். அதைச் சரியாகச் செய்யாமல் நிலத்திலோ நீர்நிலையிலோ விட்டால், பாதிப்பு அக்கம்பக்கத்து விவசாயிக்குத்தான். கிணற்றின் இரும்புக் குழாயும் அதைச் சுற்றியுள்ள சிமென்ட் பூச்சும் உறுதியாக இருந்தால்தான் மேலடுக்கு நிலத்தடி நீர் பாதுகாப்பாக இருக்கும்.

நானோ துகளில் இந்தக் கவலை இன்னும் ஒரு படி அதிகம். மூச்சு வழியாக உள்ளே போகும் அளவுக்குச் சிறியது என்பதால், தூளைக் கையாளும் தொழிலாளர்களின் பாதுகாப்பு முதல் கேள்வியாகிறது.

காலநிலை மாற்றம் பற்றிய கேள்வியும் இருக்கிறது. அதிக எண்ணெய் எடுத்தால், எரிப்பதும் அதிகமாகும் என்பது ஒரு வாதம். எப்படியும் இறக்குமதி செய்து எரிக்கத்தானே போகிறோம், ஏற்கெனவே தோண்டிய இடத்திலிருந்தே எடுத்தால் புதிய நிலத்தைத் தொட வேண்டாம் என்பது எதிர்வாதம். இரண்டிலும் உண்மை இருக்கிறது.

சரி, இதனால நமக்கு என்ன?

2018 செப்டம்பரில், மேம்படுத்தப்பட்ட மீட்பு முறைகளை ஊக்குவிக்கும் கொள்கைக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அப்போது அரசு சொன்ன கணக்கு இது: இந்திய வயல்களில் மீட்பு விகிதத்தை 5 சதவீதம் உயர்த்தினால், 20 ஆண்டுகளில் கூடுதலாக 12 கோடி டன் எண்ணெய் கிடைக்கும்.

இது எவ்வளவு பெரிய எண்? இந்தியா இப்போது ஆண்டுக்கு உற்பத்தி செய்வது 3 கோடி டன்னுக்கும் கீழே. அதாவது, புதிய வயல் எதுவும் கண்டுபிடிக்காமலேயே நான்கு ஆண்டு உற்பத்திக்கு மேல் கூடுதலாகக் கிடைக்கும்.

மங்களாவையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பூமிக்குள் முதலில் இருந்தது சுமார் 130 கோடி பேரல். மீட்பு ஒரே ஒரு சதவீதம் கூடினாலும் 1 கோடியே 30 லட்சம் பேரல்.

அதற்காக நாளைக்கே பெட்ரோல் விலை குறைந்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பம்ப் விலையைத் தீர்மானிப்பது சர்வதேசச் சந்தையும் வரியும். பாலிமர் முறையின் பலன் வேறு இடத்தில் இருக்கிறது. வெளிநாட்டுக்குப் போகும் டாலர் கொஞ்சம் மிச்சமாகும். ஏற்கெனவே போட்ட கிணறு, குழாய், அங்கே இருக்கும் வேலைகள் இன்னும் சில ஆண்டுகள் நீடிக்கும்.

உலகச் சந்தையில் எண்ணெய் விலை சரிந்தால், இந்தத் திட்டங்கள்தான் முதலில் அடிபடும் என்பதும் உண்மை. பாலிமரை இன்றைக்கு வாங்கிச் செலுத்த வேண்டும். அதற்கான எண்ணெய் வருவது பல மாதங்கள் கழித்துத்தான்.

அடுத்த முறை இப்படி ஒரு செய்தி வந்தால்...

‘புதிய நானோ தொழில்நுட்பத்தால் 15 சதவீதம் கூடுதல் எண்ணெய்’ என்ற மாதிரி தலைப்புகள் இனியும் வரும். பார்த்ததும் ஷேர் செய்வதற்கு முன் மூன்று கேள்விகள் கேளுங்கள்.

• சோதனை எங்கே நடந்தது? பாறைத் துண்டிலா, ஒரு கிணற்றிலா, முழு வயலிலா?
• அந்த வயலின் வெப்பமும் உப்பும் எவ்வளவு? டாச்சிங்கில் பலித்தது எல்லா இடத்திலும் பலிக்காது.
• 15 சதவீதம் எதில்? வயலில் முதலில் இருந்த மொத்த எண்ணெயிலா, மிச்சமிருந்ததிலா? இரண்டுக்கும் வித்தியாசம் பெரியது. 100 பேரல் இருந்த இடத்தில் 60 மிச்சம் என்றால், முன்னதில் 15 பேரல், பின்னதில் 9 பேரல்தான்.

சுருக்கமாகச் சொன்னால், பாலிமர் இன்றைக்குக் கையில் இருக்கும் கருவி. ராஜஸ்தான் பாலைவனத்தில் இந்த நிமிடமும் அது வேலை செய்துகொண்டிருக்கிறது. நானோ துகள், அந்தக் கருவியைக் கூர்மையாக்கக்கூடிய ஒரு வாய்ப்பு. அது வயலுக்கு வர வேண்டுமென்றால் உப்பு, வெப்பம், விலை என்ற மூன்று தேர்விலும் பாஸாக வேண்டும். அதுவரைக்கும், ‘வற்றிய’ வயல்களுக்குள் பாதிக்கு மேற்பட்ட எண்ணெய் அப்படியேதான் காத்திருக்கும்.